மலையகத்தில் ஒரு சிறு கட்சியை அடியிலிருந்து கட்டியெழுப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கையின் 1994 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையக மக்கள் முன்னணி நுவரெலியா மாவட்டத்தில் சுயேச்சைக் குழுவாகக் கேட்டு ஒரேயொரு ஆசனத்தை வென்றது. முன்னணியின் தலைவர் பெரியசாமி சந்திரசேகரனின் அந்த ஓர் ஆசனத்தையும் சேர்த்துத்தான் சந்திரிகா குமாரதுங்கவின் கூட்டணி, 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 113 என்ற எண்ணிக்கையை எட்டி ஆட்சி அமைத்தது. மலையகத்தில் கட்சி தொடங்க நினைக்கும் இளைஞர்கள் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய அமைப்பாக இருப்பது ஒரு குறையே இல்லை. ஆனால் அந்த ஆசனத்துக்குப் பின்னால் தோட்டம் தோட்டமாக ஆண்டுக்கணக்கில் நடந்த வேலை இருந்தது. அந்த வேலையை இன்று எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே விஷயம்.

என் யோசனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராளுமன்றத்தை மறந்துவிடுங்கள். உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். காசுக் கணக்கை எந்தத் தொழிலாளியும் கேட்டுப் பார்க்கும்படி வைத்திருங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்து வளரும்.

முதல் படி: கட்சி வேண்டுமா என்று பாருங்கள்

மூன்று கோரிக்கைகளை ஒரு தாளில் எழுதுங்கள். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதை, நூலகம், குப்பை, தெருவிளக்கு என்றால் அது பிரதேச சபையின் வேலை. சபையில் வாக்கு தேவை, கட்சி தேவை. சம்பளமும் வேலை நாளும்தான் பிரச்சினை என்றால் அது தொழிற்சங்க வேலை. பாடசாலைக்கு ஒரு கட்டடம் மட்டும் வேண்டுமென்றால் பெற்றோர் சங்கமே போதும்.

இரண்டாம் படி: தொழிற்சங்கத்தோடு உங்கள் உறவைத் தீர்மானியுங்கள்

வேறு மாகாணத்துக்காரர் யாரும் உங்களுக்குச் சொல்லித் தர முடியாத இடம் இது. மலையகத்தில் கட்சியும் தொழிற்சங்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1939 இல் தொடங்கிய இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1947 தேர்தலில் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே தோட்ட மக்களின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949 இல் வாக்குரிமையும் போனது. வாக்கு இல்லாத மக்களிடம் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் வேலைநிறுத்தம். ஆகவே அரசியலே தொழிற்சங்கத்துக்குள் குடிபோனது. காங்கிரஸும் 1950 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆனது. பிரஜாவுரிமைப் பிரச்சினை முழுதாகத் தீர 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில் உருவான அமைப்புதான் இன்றும் தோட்டத்தில் நிற்கிறது: தோட்டத்தின் ஒவ்வொரு டிவிசனிலும் (பிரிவிலும்) ஒரு சங்கத் தலைவர், ஒரு மாதர் சங்கத் தலைவி, சம்பளத்தில் வெட்டப்படும் சந்தா.

புதிதாக வருபவர்களுக்கு உடனே தாங்களும் ஒரு சங்கம் தொடங்கும் ஆசை வரும். 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம், சந்தாவும் வரும், கட்சிக்கு அதுவே போதும் என்று தோன்றும். வேண்டாம். ஒரு தோட்டத்தில் 40 வீதத் தொழிலாளர் உங்களோடு இருந்தால்தான் பேச்சுவார்த்தைக்கு உங்களை ஏற்கும் கடமை நிர்வாகத்துக்கு உண்டு. அந்த எண்ணிக்கையைத் தேடி நீங்கள் இறங்கினால் இருக்கிற சங்கங்களோடு ஆள்பிடிக்கும் சண்டை தொடங்கிவிடும். தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாருக்கு அதைவிட வசதியான விஷயம் வேறில்லை. இன்னொன்றும் உண்டு: சம்பளத்தில் தானாக வெட்டப்படும் பணத்துக்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. புதிய கட்சியை அந்தப் பழக்கத்தோடு தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே தோட்டத்துக்குள் நுழையும்போது முதலில் தலைவரைப் பாருங்கள். அவர் வீட்டுக்கே போங்கள். "தலைவரே, உங்க சங்கத்த விட்டு யாரையும் வரச் சொல்லல. சந்தா உங்களுக்கே போகட்டும். பிரதேச சபைக்கு நம்ம புள்ளைங்க ஒண்ணு ரெண்டு போகணும்னு பாக்குறோம். கூட்டம் வச்சா நீங்களும் வந்து ஒக்காருங்க" என்று நேராகச் சொல்லுங்கள். அவர் வராமல் போகலாம். ஆனால் தன் முதுகுக்குப் பின்னால் நடந்தது என்று அவர் சொல்ல முடியாது. தோட்டத்தில் அது பெரிய விஷயம்.

மூன்றாம் படி: கூட்டத்தை லயத்தில் வையுங்கள்

டவுனில் மண்டபம் எடுத்து வைக்கும் கூட்டத்துக்கு டவுனில் இருப்பவர்களே வருவார்கள். அட்டனிலோ பண்டாரவளையிலோ பஸ் கடைசியாக எத்தனை மணிக்கு என்று பாருங்கள். மேல்பிரிவிலிருந்து ஒரு பெண் ஏன் வரவில்லை என்பது புரியும்.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி முடிக்க இரவு ஏழரை ஆகும். கூட்டம் அதற்குப் பிறகுதான். கோயில் முன்றிலோ சனசமூக நிலையமோ சரி, அதைவிடவும் லயத்து இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை) நல்லது. இருபது பேருக்கு மேல் கூப்பிடாதீர்கள். மேசை, மாலை, ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். வந்தவர்கள் பேச வேண்டும், நீங்கள் எழுத வேண்டும். பெண்கள் பேசுவதற்கு ஒரு வழி இருக்கிறது: முதல் கேள்வியை அவர்களிடமே கேளுங்கள், அதுவும் திட்டவட்டமான கேள்வியாக. "பிரச்சினை என்ன?" என்றால் பக்கத்திலிருக்கும் ஆண்தான் பதில் சொல்வார். "அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சல்னா எந்த வழியா டவுனுக்குக் கொண்டு போறீங்க, என்ன செலவாகுது?" என்று கேளுங்கள். பாதை, ஓட்டோ, மருந்தகம், அன்றைய வேலைப் பெயர் பதியாமல் போனது, அரைநாள் சம்பளம் எல்லாமே அந்த ஒரு பதிலில் வந்துவிடும்.

ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கொப்பிப் பக்கம்: திகதி, இடம், வந்தவர்கள் பெயரும் கையொப்பமும், சொன்ன விஷயங்கள், யார் எதைச் செய்வதாக ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் முதலில் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். செய்யாததையும் சேர்த்து வாசியுங்கள். இந்தக் கொப்பியின் அருமை அடுத்த படியில் தெரியும்.

நான்காம் படி: கடதாசி வேலை

இலங்கையில் யாரும் அமைப்பு தொடங்கலாம். ஆனால் "அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி" ஆவது வேறு. தேர்தல்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் விண்ணப்பம் கோருகிறது. 1981 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமும், அதன் 2009 ஆம் ஆண்டுத் திருத்தமும் நிபந்தனைகளைச் சொல்கின்றன. கட்சியின் யாப்பு, பதவிவகிப்போர் பட்டியல், கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கு, கொள்கைப் பிரகடனம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பதவிவகிப்போரில் குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தது நான்கு ஆண்டுகள் அரசியல் செயற்பாட்டில் இருந்ததைக் காட்ட வேண்டும்.

நான்கு ஆண்டு என்றதும் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் படுகிறது, ஏனென்றால் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடிக்காத அமைப்புக்குச் சின்னம் கொடுத்து என்ன பயன்? பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. வேலை செய்திருப்பார்கள், ஆனால் அதைக் காட்ட ஒரு தாள் இருக்காது. ஆகவே முதல் நாளே ஒரு கோப்பைத் திறந்துவிடுங்கள். கூட்டக் குறிப்புகள், திகதியோடு கூடிய படங்கள், பத்திரிகைத் துண்டுகள், பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்களின் பிரதி, பதிவுத் தபால் துண்டு, துண்டுப்பிரசுரம் ஒவ்வொன்றிலும் ஒன்று என எல்லாம் ஆண்டுவாரியாக அதற்குள் போகட்டும். மழைக்காலத்தில் லயத்து அறையில் கடதாசி பூத்துப்போகும். பொலித்தீன் உறையில் வையுங்கள், கைப்பேசியில் படமெடுத்து இரண்டு பேரிடம் வைத்திருங்கள்.

பெயர் வைக்கும்போது இன்னொரு கட்சியின் பெயரோடு குழம்பாதபடி பாருங்கள். இனத்தையோ மதத்தையோ குறிக்கும் பெயரோடு வரும் புதிய கட்சிக்கு அங்கீகாரம் கிடைப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பாருங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வாக்காளரும் சிரமமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். அதே பாதையில் நடப்பவர் அவர், அதே பிரதேச சபைக்கு வாக்களிப்பவரும் அவர்தான்.

யாப்பில் மிகக் கவனமாக எழுத வேண்டிய பகுதி பொதுச் செயலாளரின் அதிகாரம். சட்டத்தின் கண்ணில் கட்சியின் சாவி அவர் கையில் இருக்கிறது. வேட்புமனுவில் கையொப்பமிடுவதும், விகிதாசாரப் பட்டியலிலிருந்து யார் உறுப்பினராவது என்று பெயர் கொடுப்பதும் அவரே. தலைவர் பதவிக்குச் சண்டை பிடித்துக்கொண்டு செயலாளர் பதவியை யாருக்கோ விட்டுவிடுபவர்கள் பின்னால் அழுவார்கள். செயலாளரை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் வாக்கில் தெரிவு செய்வது, எப்படி நீக்குவது என்பதெல்லாம் சந்தேகமில்லாமல் எழுதப்பட வேண்டும். பெயரளவில் கிடக்கும் பழைய கட்சி ஒன்றை விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது வந்து சொன்னாலும் இதையே யோசியுங்கள். அங்கே செயலாளர் யார்? நாளை உங்கள் உறுப்பினரைக் கட்சியிலிருந்து நீக்கி ஆசனத்தையே பறிக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கும்.

ஐந்தாம் படி: காசு

அங்கத்துவக் கட்டணம் ஆண்டுக்கு இவ்வளவு என்று வையுங்கள், ஒரு நாள் சம்பளத்தில் சிறு பகுதிக்கு மேல் போக வேண்டாம். கையில் வாங்கினால் பற்றுச்சீட்டு கொடுங்கள், இருபது ரூபாய்க்கும் கொடுங்கள். வங்கிக் கணக்கை இரண்டு கையொப்பத்தோடு திறவுங்கள். இருவரும் ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கொருமுறை வரவு செலவை ஒரே தாளில் எழுதி, அங்கத்தவர் இருக்கும் ஒவ்வொரு லயத்திலும் ஒட்டுங்கள்.

டவுன் கடைக்காரரும் கொழும்பில் வசதியாக இருக்கும் உறவினரும் கொடுப்பார்கள். வாங்கலாம், ஆனால் அவர்கள் பெயரும் தொகையும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்பவரின் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம் வந்த பிறகு, யாரென்று தெரியாதவரின் நன்கொடை சட்டச் சிக்கலும்கூட.

ஆறாம் படி: வாக்காளர் இடாப்பைக் கையில் எடுங்கள்

கட்சி வேலையில் மிகவும் சலிப்பான பகுதி இது, மிகவும் பலன் தருவதும் இதுவே. லயத்து அறைகளுக்கு ஒழுங்கான முகவரி இல்லாத தோட்டங்கள் இன்னும் உண்டு. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து அங்கேயே கிடக்கும். 18 வயதான பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கும். கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போன பெண்ணின் பெயர் இரண்டு இடத்திலும் இருக்காது. தேசிய அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சியில் வேறு எழுத்து.

ஒவ்வோர் ஆண்டும் இடாப்புத் திருத்தும் காலத்தில் கிராம உத்தியோகத்தரிடம் பட்டியல் பார்வைக்கு வரும். லயத்துக்கு ஒருவரைப் பொறுப்பு வையுங்கள், க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கை ஒருத்தி போதும். அறை அறையாக யார் இருக்கிறார்கள், யார் பெயர் இல்லை என்று குறித்து, படிவத்தை நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பீர்கள் என்று இந்த வேலையின்போது கேட்கவே கூடாது. எல்லோருக்கும் செய்து கொடுங்கள்.

கொழும்புக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தனிப் பட்டியல். அவர்களின் வாக்கு ஊரில் இருக்கிறது, ஆள் புறக்கோட்டையில். தனியார் துறையில் வேலை செய்பவருக்கும் வாக்களிக்கச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. தூரத்தைப் பொறுத்து அரைநாள் முதல் இரண்டு நாள் வரை. எழுத்தில் கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. விடுமுறைக் கடிதத்தின் மாதிரியொன்றை முன்கூட்டியே அனுப்புங்கள். தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் அவர்கள் வரும்போது சந்தித்து விடுங்கள்.

ஏழாம் படி: தேர்தலுக்கு முன்னால் ஒரு காரியத்தைச் செய்து காட்டுங்கள்

1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்குள் சபை தாராளமாகச் செலவு செய்ய முடியாதபடி தடுத்து வைத்திருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களிப்பார்கள், சபையோ "அது தோட்டத்து நிலம்" என்று கையை விரிக்கும். 2018 இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வுட், கொட்டகலை, அக்கரபத்தனை எனப் புதிய பிரதேச சபைகளும் வந்தன. ஆனாலும் பழைய பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்புவது நின்றுவிடவில்லை. உங்கள் முதல் போராட்டத்தை இங்கேயே தொடங்கலாம்.

ஆயுதம் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். சபையின் தகவல் அலுவலருக்கு ஒரு விண்ணப்பம், தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி குறுகலாக இருக்க வேண்டும். "தோட்டங்களுக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: "கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தச் சபையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் பாதை திருத்துவதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்ட தொகை எவ்வளவு, பாதைகளின் பெயர் என்ன? தோட்டப் பாதைகளைத் தனியாகக் காட்டவும்." 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் மேன்முறையீடு, அதற்கப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

பதில் வந்ததும் அந்தத் தாளைப் பெரிதாக்கி கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுங்கள். எத்தனை பேச்சாளர் வந்தாலும் அந்தத் தாள் செய்யும் வேலையைச் செய்ய முடியாது. அப்புறம் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு, அது முடியும்வரை விடாதீர்கள். 2025 நவம்பரில் டித்வா புயலில் மண் சரிந்த இடங்களில் பாதுகாப்பான காணி கேட்கும் குடும்பங்களோடு நிற்பதும் இப்படிப்பட்ட வேலைதான்: யாருடைய விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று வீடுவாரியாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: சுயேச்சைக் குழுவாகப் பிரதேச சபைக்கு

அங்கீகாரம் கிடைக்கும்வரை சுயேச்சைக் குழுவாகக் கேட்கலாம். உள்ளூராட்சித் தேர்தல் முறை சிறிய அமைப்புக்கு ஓரளவு இடம் தருகிறது. ஆசனங்களில் 60 வீதம் வட்டாரத்தில் அதிக வாக்கு எடுப்பவருக்கு, 40 வீதம் விகிதாசாரத்துக்கு. வட்டாரத்தில் தோற்றாலும் உங்களுக்கு விழுந்த வாக்கு வீணாவதில்லை, சபை முழுவதும் சேர்த்து எண்ணப்படும். எந்த வட்டாரத்திலும் வெல்லாமலே பட்டியலில் ஓர் உறுப்பினர் கிடைக்கலாம். ஆகவே பலம் இருக்கும் வட்டாரத்தில் மட்டும் வேலை செய்துவிட்டு மற்ற இடங்களில் பெயருக்கு ஆள் போடாதீர்கள்.

கட்டுப்பணத்தை முன்பே சேருங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு வேட்பாளர் ஒருவருக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக் குழுவுக்கு 5,000 ரூபாய். 20 வேட்பாளர் என்றால் ஒரு லட்சம். சின்னம் வேட்புமனு நேரத்தில்தான் கிடைக்கும் என்பதால், அதை மக்கள் மனதில் பதிக்க உங்களுக்குச் சில வாரங்களே இருக்கும்.

வேட்புமனுவில்தான் சிறிய குழுக்கள் சாகின்றன. 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. இளம் வேட்பாளரின் பிறப்பத்தாட்சிப் பிரதி முறைப்படி உறுதிப்படுத்தப்படவில்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. சிலருக்கு நீதிமன்றம் போய்த்தான் வழி கிடைத்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே தேர்தல் அறிவிப்புக்கு ஆறு மாதம் முன்பே ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஓர் உறை தயார் செய்யுங்கள்: பிரதேச செயலகத்தில் எடுத்த பிறப்பத்தாட்சி, அடையாள அட்டைப் பிரதி, இடாப்பில் பெயர் இருக்கும் பக்கம், சொத்து பொறுப்பு விபரம். அரசியலமைப்பின்படியான சத்தியக் கடதாசியில் சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்கான ஒதுக்கீட்டைக் கடைசி நிமிடத்தில் யாருடைய மனைவியையோ அக்காவையோ எழுதி நிரப்பாதீர்கள். சபையில் 25 வீதம் பெண்கள் என்பது சட்டம். உங்களுக்குக் கிடைக்கும் பட்டியல் ஆசனம் ஒரு பெண்ணுக்கே போகலாம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 பொதுத் தேர்தலில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் போனார்கள். வாக்காளர் தயார், அமைப்புகள்தான் தாமதம். பட்டியல் ஆசனம் கிடைத்தால் யார் போவது என்பதை வேட்புமனுவுக்கு முன்பே எல்லோரும் கூடித் தீர்மானித்து எழுதி வையுங்கள்.

மனு ஏற்கும் கடைசி நாளில் நண்பகல் 12 மணிக்குக் கதவு மூடப்படும். அதற்கு முந்திய நாளே கொடுத்துவிடுங்கள்.

ஒன்பதாம் படி: பிரசாரமும் வாக்கு நாளும்

பெரிய கட்சியோடு சுவரொட்டியில் போட்டி போட வேண்டாம், அது சட்டவிரோதமும்கூட. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு முறை போங்கள். முதல் முறை கேட்க, இரண்டாம் முறை சின்னத்தைக் காட்ட. வாக்களிப்புக்கு முதல்நாள் இரவு லயத்துக்கு லயம் போகும் சாராயப் போத்தல் பற்றி எல்லோருக்கும் தெரியும். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு போத்தல் போனாலும் மாதர்கள் உங்களை மன்னிக்க மாட்டார்கள். வாக்குச்சாவடிக்கு முகவரைப் போட்டு, அவருக்குச் சாப்பாட்டையும் திரும்பிவர வாகனத்தையும் உறுதி செய்யுங்கள்.

செலவுச் சீட்டுகளை அன்றன்றே கோப்பில் போடுங்கள். முடிவு வெளியான 21 நாட்களுக்குள் வெற்றி பெற்றவரும் தோற்றவரும் செலவு விபரம் கொடுத்தாக வேண்டும். தோற்ற வேட்பாளர் மனமுடைந்து வீட்டில் இருந்துவிடுவார். அவர் வீட்டுக்குப் போய்ப் படிவத்தில் கையொப்பம் வாங்குவது செயலாளரின் பொறுப்பு.

பத்தாம் படி: ஓர் ஆசனம் கிடைத்த பிறகு

எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபையில் அதன் தலைவரான தவிசாளரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். அந்த வாரம் உங்கள் ஒரேயொரு உறுப்பினரின் கைப்பேசி ஓயாது. உப தவிசாளர் பதவி, வாகனம், பிள்ளைக்கு வேலை எல்லாம் வரும். அவரைத் தனியாக விடாதீர்கள். யாருக்கு வாக்களிப்பது, பதிலுக்கு எந்தப் பாதை, எந்த நூலகம் என்பதை அங்கத்தவர் கூட்டத்தில் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை வெளியே அச்சடித்துக் கொடுங்கள்.

சபைக் கூட்டம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர் லயத்தில் உட்கார வேண்டும். என்ன பேசினார், எதற்குக் கை தூக்கினார், கொடுப்பனவு எவ்வளவு வந்தது, அதில் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று சொல்ல வேண்டும். பக்கத்துப் பிரதேச சபைக்கு விரிவது இப்படி ஓர் ஆண்டு ஒழுங்காக நடந்த பிறகுதான். அங்கேயும் தலைவர் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், கையில் புதிய கொப்பியோடு.